இருபத்து நாலு படி

உங்கள் வீட்டில் ஆறாவதோ, ஏழாவதோ, எட்டாவதோ படிக்கும் குழந்தை இருக்கிறதா? அப்படியானால் இந்தக் காட்சியை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஊரிலிருந்து ஓர் உறவினர் வருகிறார். காப்பி சாப்பிடுகிறார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேல் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஏண்டா, கணக்கிலே நீ புலியாமே! எங்கே, பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு, பார்ப்போம்" என்கிறார். பையன் ஐந்தாவது படி வரையில் வந்து நின்று, சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சத்தம் போடாமல் உதட்டை மட்டும் அசைத்து, "நூற்றிரண்டு, நூற்றுப் பத்தொன்பது" என்று எடுத்துக் கொடுக்கிறீர்கள். பையன் தப்பித்துக் கொள்கிறான். வந்தவருக்குத் திருப்தி, உங்களுக்கும் திருப்தி.

அந்த உதட்டசைவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபித்துக் கொள்ளாதீர்கள். உங்களாவது கதவுக்குப் பின்னால் நின்று எப்போதோ ஒரு நாள் செய்தீர்கள். நான் அதையே உத்தியோகமாக வைத்துக்கொண்டு சம்பளமும் வாங்கியவள்.

எங்கள் ஊர் சின்ன காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாளைச் சேவிக்க வந்திருப்பீர்கள். இல்லாவிட்டால் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை எடுக்க வந்திருப்பீர்கள். எதற்காக வந்தாலும் இரண்டையும் முடித்துக்கொண்டு திரும்புவதுதான் வழக்கம். பெருமாளுக்கு ஒரு மணி நேரம், புடவைக்கு ஐந்து மணி நேரம் என்பது நான் பார்த்த கணக்கு. பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சனி, ஞாயிறு மாலைகளில் என் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். டியூஷன் இல்லை. கணிதப் போட்டிக்குத் தயாராகிறார்கள்.

"கணக்கிலே போட்டியா? அதென்ன ஓட்டப் பந்தயமா?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. இது ஒன்றும் புதுப் பழக்கம் அல்ல. ஹங்கேரி தேசத்தில் 1894-ஆம் வருஷமே பள்ளி மாணவர்களுக்குக் கணிதப் போட்டி ஆரம்பித்துவிட்டார்கள். அதே வருஷம் அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் பிள்ளைகளுக்காகவே ஒரு கணிதப் பத்திரிகையும் தொடங்கினார். நம் சென்னையில் 1965-இல் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் ஏற்பட்டது. அந்தச் சங்கம் நடத்துகிற தேசியக் கணிதத் திறன் போட்டியைத்தான் எங்கள் திண்ணைப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். 5, 6-ஆம் வகுப்புக்காரர்களின் போட்டிக்கு ஜெர்மானியக் கணித மேதை காஸ் பெயர். 7, 8-க்குக் கப்ரேக்கர். 9, 10-க்குப் பாஸ்கரர். 11, 12-க்கு நம் இராமானுஜன். (இராமானுஜன் மழலைப் பருவத்தில் சில காலம் எங்கள் காஞ்சியில் வளர்ந்தவர் என்பது உங்களுக்குத் தெரியுமோ? தாய்வழிப் பாட்டனார் இங்கே நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தார். எங்கள் ஊர்க்காரர்கள் கும்பகோணத்துக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ள இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.)

கப்ரேக்கர் யார் என்று கேட்பீர்கள். அவரும் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான். நாசிக் பக்கத்தில் தேவலாலி என்ற ஊர். பெரிய பட்டம் கிடையாது. கல்லூரிப் பதவி கிடையாது. எண்களோடு விளையாடுவதே அவருக்குப் பொழுதுபோக்கு. மளிகைக்கடைச் சீட்டு ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிக் கொள்ளுங்கள். அத்தி வரதர் குளத்திலிருந்து எழுந்தருளிய 2019-ஐ எழுதுங்கள். அந்த இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால் 9210. சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் 0129. கழித்தால் 9081. மறுபடி அதே மாதிரி: 9810-இல் 0189 போனால் 9621. இன்னொரு தடவை: 9621-இல் 1269 போனால் 8352. இன்னும் ஒரே தடவை: 8532-இல் 2358 போனால் 6174. இனி எத்தனை தடவை செய்தாலும் 6174-தான். நான்கும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நாலு இலக்க எண்ணை எடுத்தாலும், ஏழு தடவைக்குள் இந்த 6174-இல் வந்து நின்றே தீரும். கப்ரேக்கர் இதை 1949-இல் சென்னையில் கூடிய கணித மாநாட்டில் சொன்னார். எங்கள் திண்ணையில் ஒரு பையன் அத்தி வரதர் வருஷங்களை எல்லாம் போட்டுப் பார்த்தான். 1939-க்கு இரண்டு தடவை போதும், 1979-க்கு ஆறு, இனி வரப்போகும் 2059-க்கு மூன்று. "டீச்சரம்மா, 1979-லே பெருமாளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிரமம்?" என்று கேட்டான்.

சரி, உதட்டசைவு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான். கெட்டிக்காரன். சொன்னதைக் கற்பூரம் போலப் பிடித்துக் கொள்வான். அவனைப் பரிசு வாங்க வைத்தே தீருவது என்று நான் கங்கணம் கட்டிக் கொண்டேன். தொட்டி நிரம்பும் கணக்கா? இந்தச் சூத்திரம். ரயில் பாலத்தைக் கடக்கிற கணக்கா? அந்தச் சூத்திரம். கடைசி இலக்கம் கண்டுபிடிக்க வேண்டுமா? அதற்கொரு குறுக்கு வழி. பழைய வினாத்தாள்களை ஒன்று விடாமல் போட வைத்தேன். எங்கேயாவது அவன் பென்சில் அரை நிமிஷம் நின்றால் போதும், என் வாய் திறந்துகொள்ளும். முதல் கட்டத்தில் தேறிவிட்டான். அவன் வீட்டில் தெரு முழுவதும் மைசூர்பாகு கொடுத்தார்கள். எனக்கு இரண்டு.

இறுதிக் கட்டம் வேறு ரகம். அங்கே விடையை மட்டும் எழுதினால் போதாது. அது ஏன் அப்படி என்று எழுத வேண்டும். கேள்விகளும் முன்னே பின்னே பார்த்த முகமாக இருக்காது. பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். எந்தச் சூத்திரத்தையும் எங்கேயும் மாட்ட முடியவில்லை. ஏறக்குறைய வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தான். அதோடு திண்ணைக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். ஒரு நாள் கீரைக்காரியிடம் நிற்கும்போது அவன் தாயார் சொன்னாள்: "கணக்குப் புஸ்தகத்தை எடுத்தாலே அவனுக்கு வயித்தைப் பிசையறதாம், மாமி." கீரையை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னிடம் படித்த அத்தனை நாளில் அந்தப் பிள்ளை ஒரே ஒரு கணக்கிலாவது தானாகத் திண்டாடியதில்லை. திண்டாட நான் விட்டதில்லை.

சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பி. கே. ஸ்ரீனிவாசன் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். இராமானுஜனைப் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968-இல் வெளியிட்டவர். பிறகு ராயபுரத்தில் இராமானுஜன் பெயரால் ஏற்பட்ட கணிதக் காட்சிசாலையைக் கவனித்துக் கொண்டவர். 2005-இல் காலமானார். அவர் பிள்ளைகளையே கணிதக் காட்சி வைக்கச் செய்து, பார்க்க வந்த பெரியவர்களுக்கு அவர்களையே விளக்கச் சொல்வாராம். பேசுவது பிள்ளை, கேட்டுக்கொண்டிருப்பது வாத்தியார். இதைப் படித்தபோது எனக்குக் கீரைக்காரியின் கூடைதான் ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த வருஷம் ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். நெசவாளர் வீட்டுப் பெண். தினமும் பத்து நிமிஷம் தாமதமாக வருவாள். காரணம் கேட்டால், "தார் சுத்திட்டு வந்தேன், டீச்சரம்மா" என்பாள். நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் பட்டு நூலைச் சுற்றுவதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். ஒரு கை ராட்டையைச் சுற்றும். இன்னொரு கை விரல் நுனியில் நூல் ஓடும். நூல் அறுந்தால் விரலுக்குத்தான் முதலில் தெரியும். இந்தப் பெண் திண்ணையின் ஓரத்தில், தூணோடு தூணாக உட்காருவாள். வாயைத் திறக்க மாட்டாள். அசடோ என்று கூட நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை நான் ஒரு கணக்குப் போட்டேன். வரதராஜப் பெருமாளைச் சேவிக்க அத்திகிரி மேலே 24 படி ஏற வேண்டும். காயத்திரி மந்திரத்தின் 24 எழுத்துக்கள்தான் அந்தப் படிகள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். "ஒரு தடவைக்கு ஒரு படியாகவும் ஏறலாம், இரண்டு படியாகத் தாவியும் ஏறலாம், இஷ்டப்படி கலந்தும் ஏறலாம். அப்படியானால் 24 படியை எத்தனை விதமாக ஏற முடியும்?"

ஒருவன் 24 என்றான். ஒருவன் 36 என்றான். இன்னொருவன் அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறான். "என்னடா, ஏதாவது பிரார்த்தனையா?" என்று பட்டர் கேட்டாராம். மறுநாள் எல்லாருமாகச் சின்னப் படிக்கட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு படி என்றால் ஒரே விதம். இரண்டு படிக்கு இரண்டு விதம். மூன்று படிக்கு மூன்று. "நாலு படிக்கு நாலு! அப்போ 24-க்கு 24-தான்!" என்று பையன்கள் கூத்தாடினார்கள். தூணோரத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது: "அஞ்சு." எண்ணிப் பார்த்தார்கள். ஐந்துதான். ஐந்து படிக்கு எண்ணினால் எட்டு. அதற்கு மேல் எண்ணி மாளவில்லை.

என் நாக்கு நுனியில் விடை நின்றது. இரண்டே வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. "அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம்" என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டை உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்? காலையில் பள்ளிக்கூடம் போகும்போது அந்தப் பெண் எங்கள் வாசலில் ஒரு கணம் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு நான் உள்ளே ஓடுவேன். புதன்கிழமை என் வீட்டுக்காரர், "உனக்குப் பல்வலியா? இப்படி வாயை மூடிக்கொண்டிருந்து நான் பார்த்ததே இல்லையே" என்றார். முப்பது வருஷத்தில் வீட்டில் இவ்வளவு நிம்மதி இருந்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

சனிக்கிழமை அவள் தாமதமாக வரவில்லை. எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சரம்மா, கீழேயிருந்து ஏறினா எண்ண முடியலை. மேலே நின்னுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தா வருது."

"எப்படி?"

"24-வது படியிலே நிக்கறேன். அதுக்கு முன்னாடி எங்கே நின்னிருப்பேன்? ஒண்ணு, 23-வது படி. இல்லேன்னா 22-வது படி. வேற எங்கேயும் நின்னிருக்கவே முடியாது. அப்போ 23-க்கு வர எத்தனை வழியோ, 22-க்கு வர எத்தனை வழியோ, ரெண்டையும் கூட்டினா 24-க்கு வழி. எல்லாப் படிக்கும் இதேதான். அதனாலேதான் நாலு படிக்கு நாலு இல்லை. ரெண்டும் மூணும் அஞ்சு."

சிலேட்டுப் பலகையில் கூட்டிக்கொண்டே போனோம். 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89... பத்தாவது படிக்கே 89 வந்துவிட்டது. கடைசியில் 24-வது படிக்கு வந்த எண் 75,025. எழுபத்தைந்தாயிரத்து இருபத்தைந்து விதம்! தினம் ஒரு விதமாக ஏறினாலும் இருநூறு வருஷத்துக்கு மேலே ஆகும் என்று ஒரு பையன் வகுத்துச் சொன்னான். திண்ணை முழுவதும் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"எப்போ தோணித்து உனக்கு?" என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை. தார் சுத்தறப்போ."

அப்புறம்தான் நான் வாயைத் திறந்தேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று நீங்களும் படித்திருப்பீர்கள். வடமொழிச் செய்யுளில் இத்தனை மாத்திரை கொண்ட ஓர் அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று கணக்குப் பார்த்தவர்கள் இதே எண்களைக் கண்டார்கள். குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரர் என்ற சமணப் பெரியவர் சுமார் 1150-இலேயே இதை எழுதி வைத்துவிட்டார். இத்தாலியில் பிபனாச்சி என்பவர் முயல் குட்டி போடும் கணக்காக இதை எழுதியது 1202-இல். அந்தப் பெண் இதையெல்லாம் பெரிதாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தான் கண்டுபிடித்ததை எண்ணூறு வருஷத்துக்கு முன்பே இன்னொருவர் கண்டுபிடித்துவிட்டார் என்று கேட்பதில் என்ன சந்தோஷம் இருக்க முடியும்? சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கே பட்டது.

முதல் கட்டத்தில் அவள் தேறினாள். இறுதிக் கட்டத்துக்கு எங்கள் பிள்ளைகளுக்குச் சென்னையில் இடம் போட்டிருந்தார்கள். அழைத்துப் போக நான் தயார். அவளை அனுப்ப வீட்டில் தயாராக இல்லை. அவள் அப்பாவே வந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க. ஐப்பசி முகூர்த்தத்துக்குச் சொன்ன புடவை தறியிலே நிக்குது. கோர்வைப் புடவை."

கோர்வை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டு வாங்க இன்னொருவர். அந்த வீட்டில் அந்த இன்னொருவர் அவர் மனைவி. பள்ளி விடுமுறை நாளில் இந்தப் பெண் தார் சுற்றி, கைக்குழந்தைத் தம்பியையும் பார்த்துக்கொண்டால்தான் தாயார் தறியில் உட்கார முடியும். ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று.

"எட்டாவதுலே ஒரு பரீட்சை இருக்காமே. அதுலே தேறினா ஒன்பதாவதுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் ரூபா தர்றாங்களாமே. அதுக்கு நீங்க சொல்லிக் கொடுங்க, நான் வேணாங்கலை. இதுலே என்ன வரும்?"

நியாயமான கேள்வி. மத்திய அரசின் வருவாய்வழி, திறன்வழி உதவித்தொகைத் தேர்வைத்தான் சொன்னார். அந்தப் பணம் அந்த வீட்டுக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். இதை எழுதினால் அதற்கும் உதவும் என்று நாலு வார்த்தை அளந்திருக்கலாம். அதில் பாதி உண்மையும் இருந்திருக்கும். ஆனால், "இதிலே பணம் வராது. பரிசு கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்" என்றுதான் என் வாயில் வந்தது.

அவர் ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் கிடந்த அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். 24 படிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் எழுதி வைத்திருந்தாள். டிசைனுக்குக் கட்டத்தாளில் புள்ளி வைத்துப் பழகிய கண் அவருடையது. விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகக் கீழேயிருந்து மேலே போனார். வெகு நேரம் ஆயிற்று. பிறகு பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, மூணு படியாத் தாவினா?" என்றார்.

"முன்னாடி இருக்கிற மூணையும் கூட்டணும், அப்பா."

"ம்." நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார். "எத்தனை மணிக்குப் பஸ், டீச்சரம்மா?"

தம்பியை அன்று பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக் கொண்டாளாம். தார் யார் சுற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தவளின் முகம் சுண்டிப் போயிருந்தது. இரண்டு கணக்கை முழுக்க எழுதினாளாம். மூன்றாவதில், ஒரு சதுரத்தைத் துண்டு போடுகிற கணக்கில், மாட்டிக்கொண்டு மீதி நேரம் முழுவதும் அதிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். "விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருக்கலாமே" என்ற சொல் என் தொண்டை வரை வந்தது. பூந்தமல்லி போயிற்று, ஸ்ரீபெரும்புதூர் போயிற்று. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் சட்டென்று என் கையைப் பிடித்தாள். "டீச்சரம்மா, கிடைச்சிடுச்சு!" என் பேனாவைப் பிடுங்கித் தன் உள்ளங்கையில் சதுரம் வரைந்து காட்டினாள். சரியாகத்தான் இருந்தது. மூன்று மணி நேரம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

பரிசுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். அழுதாள். தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு வாரம் வரவும் இல்லை. அந்தப் பழைய பையனின் ஞாபகம் வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எட்டாம் நாள் பொறுக்க மாட்டாமல் அவர்கள் வீட்டுக்கே போனேன்.

தறி நின்றிருந்தது. பாவு தீர்ந்து புதுப் பாவு பிணைக்க வேண்டிய நாள். அப்பா தறிமேடையில் உட்கார்ந்து, கூட்டுறவுச் சங்கத்துச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கொஞ்சம் வெட்கத்தோடு நீட்டினார். மூன்று படித் தாவல்! 1, 2, 4, 7, 13, 24, 44, 81, 149, 264...

"24 படி வரைக்கும் போயிட்டேன், டீச்சரம்மா. பாப்பாவோட விடையோட ஒத்துப் போகலை. எங்கே தப்புன்னு மூணு நாளாப் பார்க்கறேன். இவ சொல்ல மாட்டேங்கறா."

பத்தாவது படியிலேயே தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்த பெண் நூலை விடாமலே என்னை நிமிர்ந்து பார்த்து, "வேண்டாம்" என்று தலையை அசைத்தாள்.